யார் கையில் எவ்வளவு அதிகாரம்? இந்திய அரசமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளுநர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினாலும், உச்ச நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்து செய்தாலும், எங்கோ ஓர் ஆட்சி கவிழ்ந்தாலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை; கேள்வி எண் கொடுத்திருக்கிறேன், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

1. சட்டம் போடுறதும் அரசாங்கம், நடத்துறதும் அரசாங்கம், கோர்ட்டும் அரசாங்கம். இதுல பிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?

மூன்றும் அரசுதான். ஆனால் மூன்றும் ஒரே கையில் இல்லை. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும். அதை நடைமுறைப்படுத்துவது பிரதமர், முதலமைச்சர் தொடங்கி தாசில்தார், காவல் ஆய்வாளர் வரையுள்ள நிர்வாகம். நடந்தது சட்டப்படிதானா என்று பார்ப்பது நீதிமன்றம். வங்கி லாக்கர் திறக்க நம்முடைய சாவியும் வேண்டும், வங்கியின் சாவியும் வேண்டும். அந்த மாதிரி ஏற்பாடுதான் இது.

ஒருவர் வீட்டை இடிக்க வேண்டும் என்று வையுங்கள். இடிக்க இடம் தரும் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். அந்தச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்டு, நடவடிக்கை எடுக்க ஓர் அதிகாரி வேண்டும். அவர் வரம்பு மீறினால் ஓடிப்போய் முறையிட நீதிமன்றம் வேண்டும். 2024 நவம்பரில் ‘புல்டோசர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: ஒருவர் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது என்பதற்காக நிர்வாகமே நீதிபதியாகி அவர் வீட்டை இடிக்க முடியாது; குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மூன்று வேலையையும் ஒருவரே பார்த்தால் முறையிட ஆளே இருக்காது.

2. பிரதமரும் மந்திரிகளும் நாடாளுமன்றத்துக்குள்ளயேதான் உட்கார்ந்திருக்காங்க. அப்புறம் என்ன பிரிவினை?

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் அதிபரின் அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவே முடியாது. நாம் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் முறை. இங்கே அமைச்சர் கட்டாயம் அவை உறுப்பினராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 6 மாதத்துக்குள் ஆக வேண்டும். அவைக்குள் உட்கார வைத்ததன் நோக்கம், தினமும் கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பது. பிரிவு 75(3) அமைச்சரவை முழுவதும் மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் தோற்றது, அன்றே பதவி விலகியது.

ஆக இங்கே சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, கண்காணிப்பு. அந்தக் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. 10, 16 ஆகிய கேள்விகளில் வருகிறது. கூடவே ஒரு சின்ன வரம்பும் உண்டு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தப்படி, அமைச்சர்களின் எண்ணிக்கை அவை பலத்தில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234 உறுப்பினர்கள் கொண்ட தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு அது 35 பேர். வேண்டியவர்களுக்கெல்லாம் பதவி கொடுத்து அவையையே அமைச்சரவை ஆக்கிவிட முடியாது.

3. குடியரசுத் தலைவர் பேர்லதானே எல்லாமே நடக்குது. அவர் நினைச்சா ஒரு சட்டத்தை நிறுத்திடலாம்தானே?

பெயர் அவருடையது, முடிவு அமைச்சரவையுடையது. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் எழுதியே வைத்தது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 1978-இல் 44-ஆவது திருத்தம் சேர்த்தது. மசோதாவும் அப்படியே. 2006-இல் ஆதாயம் தரும் பதவிகள் பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றாமல் மீண்டும் நிறைவேற்றி அனுப்பியது, அவர் கையெழுத்திட்டார்.

ஓர் ஓட்டை மட்டும் உண்டு. எத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று எழுதவில்லை. 1986-இல் வந்த அஞ்சல் துறைத் திருத்த மசோதா, கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஜெயில் சிங் அதில் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

4. மெஜாரிட்டி இருந்தா என்ன சட்டம் வேணும்னாலும் போடலாமா?

முடியாது. அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று பிரிவு 13 சொல்கிறது. இணையத்தில் ‘எரிச்சலூட்டும்’ கருத்து எழுதினால் சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு 2015-இல் இப்படித்தான் விழுந்தது. யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாமல் மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரியில் விழுந்தது. நேற்று குற்றமாக இல்லாத ஒன்றை இன்று சட்டம் போட்டு, நேற்று செய்ததற்குத் தண்டிக்கவும் முடியாது. இவை தவிர, அந்த விஷயத்தில் சட்டம் போட அந்த அவைக்கு அதிகாரமே இருக்கிறதா என்ற கேள்வி இருக்கிறது. அது அடுத்த பதில்.

5. ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்னு சொல்றாங்களே, ரெண்டு பேரும் ஒரே விஷயத்துல சட்டம் போட்டா யாருது நிக்கும்?

ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள். பாதுகாப்பு, வெளியுறவு, ரயில், நாணயம் எல்லாம் ஒன்றியத்திடம். காவல், பொது சுகாதாரம், நிலம், விவசாயம் மாநிலத்திடம். திருமணம், தொழிலாளர் நலன், கல்வி போன்றவை பொதுப் பட்டியல். இரு தரப்பும் சட்டம் போடலாம். எதிலும் சேராத மிச்சம் பிரிவு 248-ன்படி ஒன்றியத்துக்குப் போகிறது. வேறு பல கூட்டாட்சிகளில் மிச்சம் மாநிலங்களுடையது. தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பொதுப் பட்டியலில் மோதல் வந்தால் ஒன்றியச் சட்டம்தான் நிற்கும். விதிவிலக்கு பிரிவு 254(2): குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். ஜல்லிக்கட்டில் நடந்தது அதுதான். 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு, ஒன்றியத்தின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு தன் எல்லைக்குள் திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்றது.

அந்த ஒப்புதலும் நிரந்தரக் காப்பு இல்லை. தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை நீக்கிய தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் இருந்தது. 2016-இல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட் தேர்வை நாடு முழுவதற்கும் வைத்தது. 2017 முதல் இங்கும் மருத்துவச் சேர்க்கை அதன்படிதான். நாடாளுமன்றம் பின்னால் போடும் சட்டம், ஒப்புதல் வாங்கிய மாநிலச் சட்டத்தையும் மீறிவிடலாம்.

6. அப்போ கல்வியை மாநிலப் பட்டியலுக்கே திருப்பிக் கொண்டுவர முடியாதா?

முடியும். முதலில் அது அங்கேதான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் பொதுப் பட்டியலுக்கு நகர்த்தியது. திருப்பிக் கொண்டுவர இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரவு வேண்டும். பட்டியல்களைத் தொடும் திருத்தம் என்பதால் பாதி மாநிலச் சட்டமன்றங்களும் ஒப்ப வேண்டும். மாநிலச் சட்டமன்றத் தீர்மானம் கோரிக்கைதான். அதனால் மட்டும் எதுவும் மாறாது.

7. கவர்னர் மசோதாவுல கையெழுத்து போடாம அப்படியே வச்சிருக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பிரிவு 200-ன்படி ஆளுநர் ஒப்புதல் தரலாம்; குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பலாம்; இல்லையென்றால் நிறுத்திவைத்து, தன் கருத்தோடு சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம். சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது. நிதி மசோதாவைத் திருப்பி அனுப்பவே முடியாது. எத்தனை நாள் என்பதைத்தான் பிரிவு சொல்லவில்லை. ‘கூடிய விரைவில்’ என்று மட்டும் இருக்கிறது, அதுவும் திருப்பி அனுப்புவது பற்றிய வரியில்.

தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, காலக்கெடு வைத்ததோடு, கிடப்பில் இருந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது. பிறகு குடியரசுத் தலைவர் பிரிவு 143-ன்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு மாதிரி சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது’ என்ற ஒன்று கிடையாது. ஆனால் ஆளுநர் காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருக்கவும் முடியாது. அப்படி வைத்திருந்தால் ‘முடிவெடுங்கள்’ என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். திருப்பி அனுப்பாமலே மசோதாவைச் சாகடிக்கும் வழியும் ஆளுநருக்கு இல்லை என்றது அந்த அமர்வு.

என் கருத்தைக் கேட்டால், இது போதாது. கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டு அமைத்த அவை இரண்டு முறை நிறைவேற்றிய மசோதா, நியமனத்தில் வந்த ஒருவர் மேசையில் தேதியில்லாமல் கிடப்பதற்கு அரசமைப்பில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலியிடத்தைத் தீர்ப்புகளால் முழுக்க நிரப்ப முடியாது. பிரிவு 200-ஐத் திருத்தி நாள் கணக்கை எழுதினால்தான் தீரும்.

8. டெல்லியில நினைச்சா மாநில ஆட்சியைக் கலைச்சிடலாம்ங்கிறது இப்பவும் உண்மையா?

முன்பு உண்மை. 1959-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 என்று மூன்று முறை பெரும்பான்மையோடு இருந்த அரசுகள் போயின. 1991-இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆளுநர் அறிக்கை ‘அல்லது வேறு வகையில்’ தெரியவந்தால் என்று பிரிவு 356-இல் இருக்கும் சொற்களை வைத்தே கலைத்தார்கள்.

1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு இதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ஆளுநர் மாளிகையில் தலை எண்ணி முடிவு செய்யக் கூடாது, அவைக்குள் வாக்கெடுப்பில்தான் பார்க்க வேண்டும். நாடாளுமன்றம் ஒப்பும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. காரணம் தவறென்றால் நீதிமன்றம் அரசை மீட்டுக் கொடுக்கலாம். 2016-இல் அருணாசலப் பிரதேசத்தில் நிஜமாகவே மீட்டுக் கொடுத்தது. அதே ஆண்டு உத்தராகண்டில், உச்ச நீதிமன்றம் நடத்தச் சொன்ன வாக்கெடுப்பில் ஹரீஷ் ராவத் வென்று மீண்டும் முதலமைச்சர் ஆனார். பிரிவு 356 இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. பழைய மாதிரி கையிலெடுக்க முடிவதில்லை.

9. சட்டசபையைக் கூட்டாமலே அவசரச் சட்டம் போட்டு ஓட்டிடலாமே?

அவை கூடாத நேரத்தில் மட்டும்தான் அவசரச் சட்டம். அவை மீண்டும் கூடி ஆறு வாரத்தில் அது தானாகக் காலாவதியாகும். பீகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் போட்டு, காலாவதியாகும்போதெல்லாம் மறுபடி மறுபடி வெளியிட்டு, சிலவற்றை 14 ஆண்டுகள் வரை உயிரோடு வைத்திருந்தார்கள். அரசியல் பொருளாதார ஆய்வாளர் டி.சி. வாத்வா அதைத் தோண்டி எடுத்து வழக்குப் போட்டார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்பின் மேல் நடந்த மோசடி என்றது.

10. கஜானா அரசாங்கத்துது. முதலமைச்சர் நினைச்சபடி செலவு பண்ணலாம்தானே?

ஒரு ரூபாய்கூட முடியாது. அதிகாரத்துக்குப் போட்ட பூட்டுகளிலேயே கெட்டியானது இதுதான். அதிகம் பேசப்படாததும் இதுதான். சட்டத்தின் ஆதாரமில்லாமல் வரி போடக் கூடாது என்கிறது பிரிவு 265. அப்படி வந்த பணம் தொகுப்பு நிதிக்குள் போகிறது. சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றினால்தான் அதிலிருந்து எடுக்க முடியும். அந்த அனுமதி மார்ச் 31-உடன் முடிந்துவிடும். எவ்வளவு பெரிய பெரும்பான்மை உள்ள அரசும் ஒவ்வொரு ஆண்டும் அவை முன் வந்து கேட்டாக வேண்டும்.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு துறை அமைச்சரும் தன் துறைக்கான மானியக் கோரிக்கையை அவையில் வைக்கிறார். உறுப்பினர்கள் அதன்மேல் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். துறையின் கொள்கையையே ஏற்கவில்லை என்றால் ‘இந்தக் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும்’ என்பார்கள். ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்ல வேண்டுமானால் ‘100 ரூபாய் குறைக்க வேண்டும்’ என்பார்கள். நூறு ரூபாயில் பெரிய விஷயம் இல்லை. அதைச் சாக்காக வைத்து அந்தக் குறைக்கு அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பதுதான் விஷயம். வெட்டுத் தீர்மானம் வென்றால் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாக ஆகும். செலவு முடிந்த பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை தருகிறார், பொதுக் கணக்குக் குழு அதை ஆராய்கிறது. மக்களவையில் அந்தக் குழுவின் தலைவர் பதவி 1967 முதல் மரபாக எதிர்க்கட்சிக்குப் போகிறது.

ஏற்பாடு இவ்வளவு அருமை. பயன்பாடு? நேரம் முடிந்துவிட்டால் விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக வாக்குக்கு விடும் ‘கில்லட்டின்’ முறை உண்டு. 2018 மார்ச்சில் மக்களவை எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் இப்படி நிறைவேற்றியது. அமளி, ஒத்திவைப்பு, பிறகு குரல் வாக்கெடுப்பு. ஓர் அரசின் ஓராண்டுச் செலவு முழுவதையும் ஒரு கேள்வியும் கேட்காமல் அவை கொடுத்துவிட்டது என்பது, எந்த நீதிமன்றமும் சரிசெய்ய முடியாத இழப்பு.

11. போலீஸ் கைது பண்ணினா 24 மணி நேரத்துல ஜட்ஜ்கிட்ட கொண்டு போகணும்னு சொல்றாங்க. அதுக்கும் அதிகாரப் பிரிவினைக்கும் என்ன சம்பந்தம்?

அதிகாரப் பிரிவினை ஒரு சாதாரண மனிதரின் உடம்பைத் தொடும் இடமே அதுதான். கைது செய்வது நிர்வாகம். தொடர்ந்து அடைத்துவைக்கலாமா என்று முடிவு செய்வது நீதித்துறை. பிரிவு 22(2)-ன்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அந்த நடுவர் மாவட்ட ஆட்சியரின் கீழ் இல்லை, காவல் கண்காணிப்பாளரின் கீழும் இல்லை. உயர் நீதிமன்றத்தின் கீழ் இருக்கிறார். ஆளை நேரில் பார்த்து, அடித்தார்களா என்று கேட்டு, கைதுக்குக் காரணம் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, அப்புறம்தான் அவர் ரிமாண்ட் செய்ய வேண்டும்.

அவர் தலை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்திட்டால் 24 மணி நேர விதிக்கு உயிரில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை, மகன் இருவர் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தபோது, ரிமாண்ட் செய்த விதம் பற்றியும் கடுமையான கேள்வி எழுந்தது. விசாரிக்கப் போன நடுவருக்கே அந்தக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து, அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறை அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. நீதித்துறை தூங்கிய இடமும் விழித்த இடமும் ஒரே வழக்கில் இருக்கின்றன.

இந்த 24 மணி நேரத்துக்கு விதிவிலக்கு தடுப்புக் காவல். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு ‘குண்டர் சட்ட’த்தில் ஆட்சியரோ காவல் ஆணையரோ உத்தரவிட்டால், வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அறிவுரைக் கழகம் மட்டும் பரிசீலிக்கும். அடைப்பவரும் முடிவு செய்பவரும் நிர்வாகமே என்று ஆகும் இந்த இடம், 1-ஆம் பதிலில் சொன்ன ஏற்பாட்டுக்கே எதிரானது. இதை இவ்வளவு சாதாரணமாகப் பயன்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

12. அரசாங்கத்து மேலயே நேரா ஐகோர்ட்டுல கேஸ் போட முடியுமா?

முடியும். பிரிவு 226-ன்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் பிரிவு 32-ன்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். அந்த 32-ஐத்தான் அம்பேத்கர் அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்றார். ஆளைக் காணோம் என்றால் ஆட்கொணர்வு மனு. அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றால் ‘செய்’ என்று உத்தரவிடக் கோரும் மனு. நடைமுறையில் முதலில் உயர் நீதிமன்றம் போவதே நல்லது; 226 உரிமை மீறலைத் தாண்டி மற்றச் சட்ட மீறல்களுக்கும் பொருந்தும்.

13. எமர்ஜென்சி வந்தா உரிமையெல்லாம் போயிடுமா?

1975-இல் போனது. ஜூன் 25 இரவு அறிவித்தார்கள், 1977 மார்ச் 21 வரை நீடித்தது. அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு போனபோது, நெருக்கடி நிலையில் அந்த வழியே மூடியிருக்கிறது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. மறுத்தவர் எச்.ஆர். கன்னா. அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. அவர் பதவி விலகினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒதுக்கித் தள்ளியது.

44-ஆவது திருத்தம் கதவுகளை இறுக்கியது. ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற தளர்வான காரணம் போய் ‘ஆயுதக் கிளர்ச்சி’ வந்தது. அமைச்சரவை எழுத்துமூலம் சொன்னால்தான் குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையில் (6-இல் சொன்ன கணக்கு) ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஒப்ப வேண்டும். உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான பிரிவு 21-ஐ இனி நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது.

14. மூணுல ரெண்டு பங்கு இருந்தா அரசமைப்பையே மாத்தி எழுதிடலாமே? அப்புறம் இந்தத் தடையெல்லாம் எதுக்கு?

இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனால் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. கேரளத்தின் எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு: எந்தப் பிரிவையும் திருத்தலாம், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது. நீதிமன்ற மறுஆய்வு, கூட்டாட்சி, மதச்சார்பின்மை, நேர்மையான தேர்தல் எல்லாம் அதில் அடங்கும் என்று பின்னால் வந்த தீர்ப்புகள் சொல்லின.

42-ஆவது திருத்தம், திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிப் பார்த்தது. 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அது ரத்தானது. வரம்புள்ள அதிகாரத்தை வாங்கிக்கொண்டு, அதே அதிகாரத்தால் அந்த வரம்பை நீக்கிக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். எனக்கு மறுப்பே தோன்றாத வாதம் இது.

15. ஓட்டு வாங்காத நீதிபதிகள், ஓட்டு வாங்கினவங்க போட்ட சட்டத்தை ரத்து பண்றது எந்த ஊர் ஜனநாயகம்?

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. தேர்தலில் தோற்ற சிறுபான்மைக்கும், தனி ஆளுக்கும், பெரும்பான்மை கையால் பாதிப்பு வரும்போது அந்தப் பெரும்பான்மையிடமே போய் நிற்க முடியாது. அதனால்தான் நீதிபதிக்கு ஓட்டு தேவைப்படாத இடம். அவர் சம்பளம் அவையின் வாக்கெடுப்புக்கு வராமல் தொகுப்பு நிதியிலிருந்து நேராகப் போகிறது. அவரை நீக்க இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். இதுவரை அப்படி ஒருவர்கூட நீக்கப்படவில்லை. 1993-இல் வி. ராமசாமி மீதான தீர்மானம் மக்களவையில் காங்கிரஸ் வாக்களிக்காமல் விலகியதால் தோற்றது. 2011-இல் சௌமித்ர சென் மீதான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியதும் அவரே விலகிவிட்டார்.

மீதிப் பாதி நியாயம் நியமனத்தில் இருக்கிறது. 1993 தீர்ப்பு முதல் நீதிபதிகளை மூத்த நீதிபதிகளின் கொலீஜியமே தேர்ந்தெடுக்கிறது. இதை மாற்றித் தேசிய நீதித்துறை நியமன ஆணையம் அமைத்த 99-ஆவது திருத்தத்தை 2015-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்று ரத்து செய்தது. நியமனம் அரசின் கைக்குப் போவது ஆபத்து என்பதை 13-இல் சொன்ன கன்னாவின் கதையே காட்டும். அதற்காகக் கதவை மூடிக்கொண்டு தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது சரியாகிவிடாது. எல்லோரையும் காரணம் கேட்கும் நீதிமன்றம், ஒருவரை ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று தானும் எழுதி வெளியிட வேண்டும்.

16. கட்சித் தாவல் தடைச் சட்டம் நல்லதுதானே? எம்.எல்.ஏ.க்களை விலைக்கு வாங்குறது நின்னுச்சே?

1985-இல் 52-ஆவது திருத்தமாக வந்த பத்தாவது அட்டவணை இது. கட்சியை விட்டு விலகினாலோ, கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ பதவி போகும். முடிவு செய்பவர் பேரவைத் தலைவர். நீதிமன்றம் அதை மறுஆய்வு செய்யலாம். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அடுத்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி தகுதிநீக்கம் செல்லும் என்றார்.

தாவல் ஓரளவு குறைந்தது, மொத்தமாகப் போவது நிற்கவில்லை. ஆனால் வேறு ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது. 2-ஆம் பதிலில், அவைக்குள் அமைச்சரை உட்கார வைத்தது கண்காணிக்கத்தான் என்று சொன்னேன். கண்காணிக்க வேண்டிய ஆளுங்கட்சி உறுப்பினர் ஒரு சாதாரண மசோதாவில்கூட எதிர்த்து ஓட்டுப் போட்டால் பதவி இழப்பார் என்றால், அவர் எப்படிக் கண்காணிப்பார்? 10-இல் பார்த்த வெட்டுத் தீர்மானத்துக்கும் இதே கதிதான். தொகுதி மக்கள் என்ன சொன்னாலும் அவருடைய விரலை அசைப்பது கொறடா. ஆளுநரைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் நாம் ஆவேசமாகப் பேசுகிறோம். என்னைக் கேட்டால், அரசமைப்பு போட்ட கட்டுகளில் அதிகம் தளர்ந்துபோனது சட்டமன்றம் நிர்வாகத்தின்மேல் வைத்திருந்த பிடிதான்.

17. அப்போ அந்தச் சட்டத்தையே எடுத்துடணுமா?

எடுக்க வேண்டாம், சுருக்கினால் போதும். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புகளில் மட்டும் கொறடா உத்தரவுக்குப் பதவி பறிக்கும் வலு இருக்கட்டும்: நம்பிக்கைத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், நிதி மசோதா. மற்றதில் உறுப்பினர் தன் புத்திப்படி வாக்களிக்கட்டும். தேர்தல் சீர்திருத்தம் பற்றிய தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே ஏறக்குறைய இதைத்தான் பரிந்துரைத்தது. தகுதிநீக்கத்தைப் பேரவைத் தலைவர் முடிவு செய்யக் கூடாது என்றும் அந்தக் குழு சொன்னது. அவரும் ஒரு கட்சியிலிருந்து வந்தவர்தானே. இதற்கு நாடாளுமன்றம்தான் அரசமைப்பைத் திருத்த வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலை, குடிநீரோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: கட்சி சொன்னதற்கு மாறாக அவையில் ஒரு மசோதாவை எதிர்க்க உங்களுக்கு உரிமை வேண்டுமா, வேண்டாமா?